குறை எண் ஏழு

வண்டியை வாங்கி வந்த அன்று மாலையே அதன் குறைகளை எழுதி வைத்தேன். என் வேலைப் பழக்கம் அது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு பொருள் மேசைக்கு வந்தால், அது எப்படி இருக்க வேண்டும் என்பதை யோசிப்பதற்கு முன்னால், எப்படி இருக்கிறது என்பதை எழுத வேண்டும். டிப்ளமா படித்த மூன்று வருடங்களில் எனக்கு உருப்படியாக ஒட்டிக்கொண்டது இந்த ஒரு பழக்கம்தான்.

மொத்தம் இருபத்து மூன்று குறைகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்தேன். ஹெட்லைட் வளையத்தில் துரு. கிளட்ச் பிடி மங்கல். கால் வைக்கும் பலகையில் உள்ள அலுமினியப் பட்டைகள் இரண்டு நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தன. ஏழாவது இப்படி இருந்தது: ‘முன் மட்கார்டு மேல் உள்ள அலுமினியப் பட்டை. வரிசையாக மூன்று வட்டக் குழிகள். கட்டைவிரல் அகலம். நகம் மாட்டுகிறது.’

நகம் மாட்டுவது எங்கள் பிரிவில் ஒரு சோதனை. பளபளப்பான பரப்பில் ஒரு கோடோ குழியோ இருந்தால் அதன்மேல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்ப்போம். மாட்டினால் குறை. மாட்டாவிட்டால் அது வெறும் தோற்றம், விட்டுவிடலாம்.

வண்டி எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலை வேன் ஓட்டுநர்தான் சொன்னார், மொரப்பூர் பக்கம் ஒரு அம்மா பழைய ஸ்கூட்டர் விற்கிறார், ஆனால் வருகிறவர்களையெல்லாம் திருப்பி அனுப்புகிறார் என்று. பேருந்துக்கு நின்று நின்று எனக்கு அலுத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்து, மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மகன் பெங்களூரில். வண்டி தகரக் கூரைக்குக் கீழே தார்ப்பாய் போர்த்தி நின்றது. முன் சக்கரத்தில் காற்றில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

“நீயா ஓட்டப் போற?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“உங்கூட்டுக்காரருக்கு இல்லியா?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்க.”

“அப்ப சரி. இதுக்கு முன்னால வந்தவனுங்க எல்லாம் இத அறுத்து வேற என்னமோ பண்ணறேன்னு சொன்னானுங்க. ஒருத்தன் சோபா செய்யறேங்கறான். எங்கூட்டுக்காரரு ஐஸ் பொட்டிய ரெண்டு காலுக்கு நடுவுல வெச்சுக்கிட்டு, ஊரு ஊரா மாட்டுக்கு ஊசி போட்ட வண்டி. அதுமேல எவனோ உக்காந்து டிவி பாக்கணுமாம்.”

பலகையில் பட்டைகள் நடுவில் மட்டும் ஏன் தேய்ந்திருந்தன என்பது எனக்கு அப்போது புரிந்தது. தடுப்பூசி மருந்துப் பெட்டி உட்கார்ந்த இடம்.

காகிதங்கள் எல்லாம் கைமாறி முடிந்த நாளில், வண்டியைச் சின்ன லாரியில் ஏற்றும்போது அவர் ஒன்று சொன்னார். “ஆயுத பூசைக்கு ஒரு நடை ஓட்டிக்கிட்டு வந்து காட்டிட்டுப் போ கண்ணு. நான் சோறாக்கி வெக்கறேன்.”

அந்த வருடத்தில் எனக்கு வந்த ஒரே அழைப்பு அது. இதைப் பெரிதுபடுத்திச் சொல்லவில்லை. அம்மா நான் இரண்டாம் வருடம் படிக்கும்போதே போய்விட்டார். அப்பா பெங்களூரில் அண்ணனோடு இருக்கிறார். கம்பைநல்லூரில் எங்கள் வீட்டை வாடகைக்கு விட்டாகிவிட்டது. நல்லம்பள்ளியில் நான் இருப்பது ஒரு மாடி வீட்டின் ஒற்றை அறை, முன்னால் கொஞ்சம் மொட்டைமாடி. தொழிற்சாலையில் எல்லோரும் நல்லவர்கள்தான். ஷிப்ட் முடிந்தால் அவரவர் பேருந்தில் ஏறிப் போய்விடுவார்கள். ஆகவே ‘ஆயுத பூசை, மொரப்பூர், சாப்பாடு’ என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். அதற்குள் இருபத்து மூன்றும் முடிய வேண்டும்.

எந்திரத்தை ஒரு மெக்கானிக் பார்த்துக்கொண்டார். உலோகத்தைத் துலக்குவது மட்டும் என் பொறுப்பு. பாலிஷ் போடும் கடையில் கொடுத்தால் ஒரே நாளில் முடித்துத் தருவார்கள். அவ்வளவு செலவு செய்ய எனக்கு மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளை எதை வைத்து நிரப்புவது என்று தெரியாமல் இருந்தேன் என்பதும் உண்மை.

முதலில் ஒரு தப்பு செய்தேன். கிக்கரையும் பிரேக் பெடலையும் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும் என்று சலவை சோடா கரைத்த வெந்நீரில் போட்டுவிட்டுக் கீழே துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோது வாளி முழுக்க நுரை கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டும் அடுப்புக் கரி போலக் கறுத்துக் கிடந்தன. அலுமினியத்துக்குச் சோடா ஆகாது என்பது எனக்குத் தெரியும். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வாளி என்றதும் கை பழக்கமாக சோடாப் பொட்டலத்தைத்தான் எடுத்தது.

கீழ் வீட்டுக்கார அம்மா துணி காயப்போட மேலே வந்தவர் எட்டிப் பார்த்தார்.

“என்னாம்மா, கொழம்பு வெக்கறியா?”

“பார்ட்டுங்கக்கா. கறுத்துப் போச்சு.”

“நல்லா வெந்திருச்சு. எறக்கிரு.”

அதன்பிறகு ஒழுங்காகச் செய்தேன். முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். காய்ந்ததும் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், கரடுமுரடானதில் தொடங்கி வழவழப்பானது வரை ஐந்து வகை. தாளை விரலில் பிடித்துத் தேய்த்தால் பரப்பு அலை அலையாகிவிடும். ஒரு சின்ன மரத்துண்டில் சுற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தாளை நீளவாக்கில் இழுத்தால் அடுத்ததைக் குறுக்குவாக்கில் இழுக்க வேண்டும். முந்தைய கீறல்கள் எல்லாம் மறைந்துவிட்டனவா என்பது அப்போதுதான் தெரியும். அவசரப்பட்டு ஒரு தாளைத் தாண்டிப் போனால், கடைசியில் எல்லாம் பளபளக்கும்போது அந்தக் கீறல் மட்டும் தனியாகத் தெரியும். மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

துணிச் சக்கரத்தை நானே செய்தேன். பழைய பருத்தி நைட்டி ஒன்றில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் வரைந்து முப்பது வட்டங்கள் வெட்டி, அடுக்கித் தைத்து, நடுவில் போல்ட்டு போட்டு முடுக்கினேன். கீழ் வீட்டுக்காரர் திரைச்சீலைக் கம்பி மாட்ட வாங்கி வைத்திருந்த டிரில்லில் அது சுழன்றது. தருமபுரியில் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் கடையில் ஒரு கட்டி சோப்பு வாங்கினேன். குளிக்கிற சோப்பு இல்லை, மெழுகில் பொடி கலந்து இறுக்கிய கட்டி. அதைச் சுழலும் துணியில் ஒற்றி, அலுமினியத்தின்மேல் பிடித்தால் முதலில் கறுப்பாகச் சாறு இறங்கும். துடைத்தால் அடியில் வெளிச்சம்.

குரோம் பூசிய வளையங்களுக்கு அதுவும் வேண்டாம். பரோட்டா பார்சலோடு வரும் வெள்ளித்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு பழுப்புச் சேறாக வந்துவிடும். பல்பொடி போட்டு ஒரு துடை. கடைசியாகக் கழுவும்போது மட்டும் எங்கள் ஊர் போர் தண்ணீர் உதவாது. காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விடும். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொள்வேன்.

“நீ தேக்கற தேப்புல உன் சோத்துப் பாத்திரத்தயும் ஒருநா தேய்க்கலாமில்ல,” என்பார் கீழ் வீட்டுக்கார அம்மா. “வரப்போறவன் வண்டியப் பாத்துட்டு சரின்னுருவான். குக்கரப் பாத்தா ஓடிருவான்.”

“வண்டியிலயே ஓடட்டும்கா.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார். அவர் போன பிறகு மாடியில் உப்புத்தாளின் சத்தம் மட்டும் இருக்கும். ஒரே சீரான சத்தம், யாரோ தூரத்தில் மூச்சு விடுவதைப் போல. சில ஞாயிறுகளில் காலை அவரோடு பேசியதற்குப் பிறகு, மறுநாள் தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டி “வணக்கங்கண்ணா” என்று சொல்லும்வரை வாய் திறந்திருக்க மாட்டேன். நடுவில் அப்பாவின் போன் வந்தால்தான் உண்டு.

“சாப்டியா?”

“சாப்டேம்பா. நீங்க?”

“ஆச்சு. என்ன பண்ற?”

“வண்டி தொடைக்கறேன்.”

“போன வாரமும் அதத்தான சொன்ன.”

“இது வேற பார்ட்டுப்பா.”

“சரி. வெச்சரட்டா?”

நகக்கண்ணில் கறுப்பு ஏறிவிட்டது. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. பட்டியலில் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு வரி அடிபட்டது. அடிக்கும்போது ஒரு திருப்தி வரும். அது அரைமணி நேரம் இருக்கும்.

ஏழாவது குறைதான் கடைசிவரை இழுத்தது. மட்கார்டு பட்டையை அடியிலிருந்து மூன்று ஸ்குரூ கழற்றி எடுத்து மேசை விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். மூன்று குழிகளும் ஒரே இடைவெளியில் இருந்தன. உட்புறம் ஊசியால் குத்தியது போலப் பொடிப் பொடிப் பள்ளங்கள். அவற்றின் அடியில் செம்மையாக ஏதோ ஒட்டியிருந்தது. பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டுக் கிண்டினேன். குங்குமம்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு என்று புரிந்தது. குழைத்த சந்தனம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். குங்குமத்தில் சுண்ணாம்பு சேர்வது உண்டு. இரண்டும் சேர்ந்து அலுமினியத்தை மெல்ல அரிக்கும். எங்கள் வேலையில் இதை மூல காரணம் என்போம். அதைக் கண்டுபிடித்துவிட்டால் குறை பாதி தீர்ந்த மாதிரி. நோட்டில் எழுதினேன்: ‘காரணம்: பொட்டு. தடுப்பு: இனி உலோகப் பரப்பில் எதுவும் வைக்கக் கூடாது.’

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. வருடாவருடம் பொட்டு வைத்திருந்தால் பட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கறைகள் பரவியிருக்க வேண்டும். இங்கே மூன்றுதான், மூன்றும் ஆழம். ஒரே ஒரு முறை வைத்தது போல. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

குழியை மட்டும் தேய்க்க முடியாது. தேய்த்தால் அங்கே மட்டும் பள்ளமாகும். பட்டை முழுவதையும் அந்தக் குழியின் அடிமட்டம் வரை இறக்க வேண்டும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. கரடுமுரடான தாளே மூன்று ஞாயிறு ஓடியது. நடுக் குழிதான் கடைசியில் போனது. நாலாவது ஞாயிறு மதியம் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை இழுத்துப் பார்த்தேன். மாட்டவில்லை. முன்பும் பின்பும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. மொரப்பூர் அம்மாவிடம் காட்டலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று காலை கீழ் வீட்டுக்காரர் தன் பைக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் வண்டிப் பக்கம் வந்தார்.

“வேண்டாங்கண்ணா. அலுமினியத்த அரிச்சிரும்.”

“ஒரு நாளைக்குதானம்மா.”

“ஒரு நாளைக்குன்னாலும் வேண்டாங்க.”

அவர் கிண்ணத்தோடு நின்று என்னையும் வண்டியையும் பார்த்தார். “படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

தருமபுரி தாண்டி மொரப்பூர் சாலையில் போகும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியிலும் வாழைக்கன்றோ மாவிலையோ ஆடியது. என் முன்னால் மட்கார்டு பட்டையில் வானம் ஒரு கோடாக ஓடிக்கொண்டே வந்தது. வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

அவர் சத்தத்தைக் கேட்டே வெளியில் வந்துவிட்டார். “எறங்காத, இரு. அப்படியே இரு. பாக்கறேன்,” என்று தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து சுற்றினார். ஹெட்லைட் வளையத்தில் குனிந்து முகம் பார்த்தார்.

“எனக்கு இத்தன நர இருக்குதா? எங்கூட்டுக் கண்ணாடி இத்தன நாளா பொய்யில்ல சொல்லுது.”

நான் சிரித்தேன். பலகையின் பட்டைகளைத் தொட்டார். “பொட்டி வெச்ச பள்ளம் இருக்குது. பரவால்ல, அத வுட்டுட்ட.” அதற்கு மாற்றுப் பட்டை கிடைக்காததால்தான் விட்டேன். அதைச் சொல்லவில்லை.

பிறகு அவர் கை மட்கார்டுக்குப் போனது. பட்டையின் மேல் கட்டைவிரலை வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினார். கரண்ட் போன வீட்டில் சுவிட்சைத் தேடுவது மாதிரி. நகத்தால் இழுத்துப் பார்த்தார். அது எதிலும் மாட்டாது என்று எனக்குத் தெரியும்.

“இங்க மூணு இருந்துச்சே,” என்றார்.

“ஆமாங்க. பொட்டு அலுமினியத்துக்கு ஆவாதுங்க, அரிச்சிருந்துச்சு. எடுத்துட்டேன். அதுதாங்க எல்லாத்தவிட கஷ்டம். நாலு ஞாயித்துக்கெழம ஆச்சு.” போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். “இது முன்னால எடுத்தது. இது இப்ப.”

அவர் முதல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது பக்கத்துல என்னா, ஸ்கேலா?”

“அளவு தெரியறதுக்குங்க.”

“ம்.” போனைத் திருப்பிக் கொடுத்தார். “அது நான் வெச்ச பொட்டு கண்ணு.”

நான் போனைப் பைக்குள் போட்டேன்.

“வருசா வருசம் நாந்தான் வெப்பேன். அவரு மறுநா காலையிலயே ஈரத்துணி போட்டு நறுக்குனு தொடச்சிருவாரு. வண்டி மேல ஒரு தூசி இருக்கக் கூடாது அவருக்கு. அந்த வருசம் பொட்டு வெச்ச ராத்திரியே நெஞ்சு வலின்னு சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். திரும்பி அவரு வரல. வண்டிய யாரு தொடைக்கறது. என் பையன் தார்ப்பாயப் போட்டு மூடிட்டுப் போயிட்டான். பொட்டு உள்ளயே இருந்துச்சு.” பட்டையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “நான் கடைசியா வெச்ச குங்குமம். அதுக்கப்புறம் எங்கயும் வெக்கல. வெக்கவும் கூடாது இல்ல.”

என் கேள்விக்குறிக்குப் பதில் அதுதான். துடைக்கப்படாத ஒரே பொட்டு. மூன்று வருட ஈரம். எல்லாம் சரியாகப் பொருந்தியது. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தெரியாதுங்கம்மா,” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும். வித்தாச்சு, உன் வண்டி. நல்லாத்தான் பண்ணியிருக்கற. வா, சோறு ஆறுது.”

இரண்டு இலை போட்டிருந்தார். சாம்பார், அவரைக்காய் பொரியல், வடை, பாயசம். எனக்கு முதலில் வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். வடை கொஞ்சம் உப்பு தூக்கல் என்று அவரே சொன்னார். நல்லா இருக்குதுங்க என்றேன். படத்தை பிரிண்ட் போட்டுத் தரட்டுமா என்று கேட்க நினைத்தேன். ஸ்கேலோடு, குறை எண்ணோடு இருந்த அந்தப் படத்தை எப்படிக் கொடுப்பது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “பாத்துப் போ,” என்றார். மறுபடி வா என்று சொல்லவில்லை. சொல்வார் என்று நான் காலணியைப் போட எடுத்துக்கொண்ட நேரம், தேவைக்கும் அதிகம்தான்.

கொஞ்ச தூரத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எந்திரத்தை அணைத்துவிட்டு நின்றேன். என் முன்னால் ஒரு டிராக்டர், இடப்பக்கம் காய்கறி வேன். டிராக்டரின் மூக்கு முழுக்க சந்தனம். ஓட்டுநர் திரும்பி என் வண்டியைப் பார்த்தார்.

“ஏம்மா, புது வண்டியா பழைய வண்டியா அது?”

“பழசுங்க.”

“இந்த மினுக்கு மினுக்குது. இன்னிக்கின்னு ஒரு பொட்டு வெக்கக் கூடாது? கண்ணு பட்டு கேட்டத் தாண்டறதுக்குள்ள பஞ்சராகும் பாரு.”

வேன்காரர் சிரித்தார். நான் கேட்டுக்கு அந்தப்பக்கம் பார்த்தேன். ரயில் இன்னும் வரவில்லை. நிற்கும் நேரத்தில் பட்டியல் போடுவது என் பழக்கம். மனதில் போட்டுப் பார்த்தேன். ஒன்று, எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. இது முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கப்பட்டது: தேய்க்கும் முன் யோசி, தேய்த்த பின் வழியில்லை. இரண்டு, மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாகிவிட்டது, அவரும் தப்பில்லை என்று சொல்லியாகிவிட்டது. மூன்று. மூன்றாவதாக ஒன்றும் இல்லை. இப்படியே போனால் நல்லம்பள்ளிக்குப் போய்ச் சேர்வேன். அடுத்த வருடம் அந்த வீட்டுக்குப் போக எனக்கு எந்தக் காரணமும் இருக்காது. இது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

ரயில் வந்து போனது. கேட் தூக்கியதும் டிராக்டர் நகர்ந்தது. நான் வண்டியைத் திருப்பினேன்.

அவர், சாப்பிட்ட இலைகளை மாட்டுக்குப் போட்டுவிட்டு, முன்பு வண்டி நின்ற தகரக் கூரைக்குக் கீழே கை துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“ஏன் கண்ணு, பெட்ரோலு தீந்து போச்சா?”

“இல்லீங்கம்மா. பொட்டு வெக்கணும்.”

“அத உங்கூட்ல போயி வெச்சுக்க.”

“எங்கூட்ல யாரும் இல்லீங்க.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை மாதத்தில் அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

“அலுமினியத்துக்கு ஆவாதுன்னு சொன்ன?”

“ஆவாதுதாங்க.”

“நான் வெக்கறதில்ல. தெரியாதா உனக்கு.”

“தெரியுங்க.”

“தெரிஞ்சுக்கிட்டே வந்து நிக்கற.” தெருவை ஒருமுறை பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ ரேடியோவைப் பெரிதாக வைத்திருந்தார்கள். ஆள் யாரும் வெளியில் இல்லை. உள்ளே போனார். நேரமாயிற்று. இனி வரமாட்டார், கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். வந்தபோது ஒரு கையில் குழைத்த சந்தனக் கிண்ணம், இன்னொரு கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. டப்பாவின் மூடியில் துணி சுற்றியிருந்தது.

“சந்தனம் நான் வெக்கறேன். அதுக்கு ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது. குங்குமத்த நீ வெய்யி.”

குனிந்து பட்டையில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்தார். இடத்தைத் தேடவில்லை. இடைவெளி முன்பிருந்த அதே அளவு. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்ததால் எனக்குத் தெரியும். டப்பாவை என்னிடம் நீட்டினார். மூடி இறுகியிருந்தது, திருகித் திறந்தேன். உள்ளே குங்குமம் ஓரத்தில் கட்டி தட்டிப் போயிருந்தது. மோதிர விரலால் ஒற்றி ஒவ்வொன்றாக வைத்தேன். மூன்றாவது கொஞ்சம் கோணலாகிவிட்டது.

“பரிச்சைக்கு எழுதற மாதிரி வெக்கறா பாரு,” என்றார். சிரிக்கவில்லை. குரல் மட்டும் பழையபடி இருந்தது.

டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன். பிறகு சொன்னார்: “நாளைக்குக் காலையில மறக்காம தொடச்சிரு. வுட்டா மறுபடியும் தின்னுரும்.”

“தொடச்சா போயிருங்களே.”

“போவட்டும். தொடச்சாதான அடுத்த வருசம் வெக்க எடம் இருக்கும்.” தகரக் கூரையின் நிழலுக்குள் போய்க்கொண்டே, “வெள்ளெனவே வா அடுத்த தடவ. வடைக்கு உப்பு நீ பாத்துச் சொல்லு,” என்றார்.

மறுநாள் விடுமுறை. காலையில் மாடியிலிருந்து சொம்பில் கேன் தண்ணீரும் நைட்டித் துணியில் மிஞ்சிய ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். சந்தனம் காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. துணியை நனைத்து முதல் பொட்டின் மேல் வைத்தேன். உடனே தேய்க்க மனம் வரவில்லை. ஈரம் ஊறட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பிறகு துடைத்தேன். ஒன்று, இரண்டு, கோணலான மூன்று. கீழே உலோகம் அப்படியே இருந்தது. நகத்தை இழுத்துப் பார்த்தேன். மாட்டவில்லை.

கீழ் வீட்டுக்கார அம்மா கோலப்பொடி டப்பாவோடு வெளியில் வந்து, துணியில் இருந்த சிவப்பைப் பார்த்தார். “வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டு எங்கயோ போயி வெச்சிருக்கற?”

“மொரப்பூர்லக்கா.”

“அங்க யாரு உனக்கு?”

நான் துணியைப் பிழிந்தேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. “வண்டிக்காரம்மா,” என்றேன். அது பதில் ஆகாது. அவர் மேலே கேட்கவும் இல்லை. துணியை அலசி மாடிக் கொடியில் போட்டுவிட்டு, நோட்டை எடுத்து ஏழாவது குறைக்குப் பக்கத்தில் இருந்த தடுப்பு வரியை அடித்தேன். ‘மறுநாள் காலை துடைக்கவும்’ என்று அதற்குக் கீழே எழுதினேன்.